விழுந்த சீட்டை மாற்றுவதில்லை

எழுபதுகளின் முற்பகுதி. பாண் ரொட்டிக்காக விடியும் முன்பே வரிசையில் நின்ற காலம் என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்கு உடனே விளங்கும். யாழ்ப்பாணம் குருநகர்க் கடற்கரையில் எங்கள் வீடு. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வாய்க்கு மட்டும் நாற்பது வயது என்று அம்மா சொல்லுவார்.

எங்கள் ஊர் ஆண்களுக்குக் கடலை விட்டால் உதைபந்தாட்டம்தான். கத்தோலிக்க ஊர், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து மத்தியானச் சாப்பாடும் முடிந்தால் ஊர் முழுக்க மைதானத்தில் நிற்கும். ஊர் முழுக்க என்றால் ஆண்கள். பெண்கள் போகக்கூடாது என்று யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. போனதில்லை, அவ்வளவுதான். மைதானத்துக்குப் பக்கத்து வளவுக் கிடுகு வேலியில் ஒரு பொட்டு, கண் அளவு ஓட்டை, இருந்தது. அதில் கண்ணை வைத்துத்தான் நான் ஆட்டத்தைப் படித்தேன். அந்தப் பொட்டால் பாதி மைதானம்தான் தெரியும். மற்றப் பாதியில் என்ன நடந்தது என்பதைச் சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டும். கோல் விழுந்த சத்தம் வேறு, விழப் பார்த்துத் தவறிய சத்தம் வேறு. எனக்கு இரண்டும் அத்துப்படி.

அப்பாவை நான் அப்பு என்பேன். அவர் காலில் ஒருநாள் திருக்கை மீனின் முள் அடித்துவிட்டது. கால் பிழைத்தது, ஆனால் கடலுக்குப் போகும் கால் இல்லை என்றாகிவிட்டது. அதன்பிறகு அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வலையையும் சேர்த்துக் கொண்டுபோவார். அப்பு கரையில் வலைகள் வைக்கும் கொட்டிலில் இருந்து கிழிசல் பொத்துவார். அந்தக் கொட்டிலை நாங்கள் வாடி என்போம். அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும்போது நான் பத்திரிகையையும் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவேன். கடைசிப் பக்கத்தில்தான் தொடங்குவேன், அங்கேதான் உதைபந்தாட்டச் செய்தி இருக்கும். பத்திரிகைக்காரர் நாலு வரியில் முடித்த ஆட்டத்தை நான் நாற்பது வரியாக்கிச் சொல்லுவேன். பந்து எந்தப் பக்கத்தால் போனது, கோல் காப்பாளர் எப்படிப் பாய்ந்தார் என்றெல்லாம் நானே கண்டதுபோல் அடித்துவிடுவேன். கிழிசல் பொத்துகிறவர்கள் ஊசியை விட்டுவிட்டு வாயைப் பிளந்து கேட்பார்கள். புளுகுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் "பிள்ளை எங்கை, பேப்பர் வரேல்லையோ?" என்று கேட்பார்கள்.

அப்படியிருக்க ஒருநாள் கொழும்பில் ஒரு பெரிய சர்வதேசப் போட்டி நடக்கப்போகிறது என்று செய்தி வந்தது. பல நாடுகளிலிருந்து அணிகள் வருகின்றனவாம். நான் அதை வாசித்த அன்று வாடியில் ஒருவரும் ஊசியைத் தொடவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கடிதம் போட்டார். எங்கள் நாட்டு அணி விளையாடும் ஒரு நாளுக்குத் தன்னால் பத்து டிக்கெட் எடுக்க முடியும், அதற்குமேல் ஒன்றும் கிடைக்காது என்று எழுதியிருந்தார். போக விரும்பிய வீடுகள் நாற்பதுக்கு மேல்.

யார் போவது என்பதில் எங்கள் ஊரில் குழப்பமே வரவில்லை. அதற்கு எங்களிடம் ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. ஆழமில்லாத பரவைக்கடலில் தடி நட்டு வலை கட்டும் இடங்களை வருடா வருடம் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்போம். வீட்டுக்கு ஒரு சீட்டு. புது மண் முட்டிக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். நல்ல இடம் விழுந்தவன் சிரிப்பான், கெட்ட இடம் விழுந்தவன் வாயை மூடிக்கொண்டு போவான். விழுந்த சீட்டை மாற்றுவதில்லை. ஒருமுறை மாற்றினால் பிறகு எவனும் தன் இடத்தை ஏற்றுக்கொள்ள மாட்டான், கடலிலே கத்திக்குத்துத்தான் நடக்கும். அதனால் டிக்கெட்டுக்கும் அதே முட்டி, அதே முறை என்று முடிவாயிற்று.

சீட்டு எழுதியதும் எடுத்ததும் சம்மாட்டியார். ஊரில் பெரிய வலைகளுக்குச் சொந்தக்காரர் அவர்தான். சீட்டு விஷயத்தில் நெருப்பு. தன் சொந்தத் தம்பிக்குக் கெட்ட இடம் விழுந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தவர். உதைபந்தாட்டம் என்றால் அவருக்கு உயிர். ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வாடிக்கு வந்தார்கள். நான் அப்புவுக்குப் பின்னால் வலைக் குவியலில் இருந்தேன். ஒன்பது பெயர்கள் வந்தன. அதில் மாமாவின் பெயரும் வந்தது. சம்மாட்டியாரின் சொந்தப் பெயர் வரவில்லை. அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பத்தாவது சீட்டை விரித்து அப்புவின் பெயரை வாசித்தார்.

"அண்ணை, உங்கடை காலோடை கொழும்புக்கு எப்பிடிப் போவியள்?"

"நான் போகேல்லை. என்ரை மகள் போவாள்" என்றார் அப்பு.

எனக்கே தெரியாது. அப்பு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வாடியில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். "பொம்பிளைப் பிள்ளை பந்தடி பார்க்கவோ?" "ஒன்பது ஆம்பிளையளோடை ஒரு குமரோ?" "உந்தச் சீட்டைத் திருப்பிப் போடுங்கோ சம்மாட்டியார்!"

அப்பு எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னார். "போன வருசம் எனக்கு விழுந்த இடத்திலை ஆர் வலை கட்டினது? நானோ? என்ரை மச்சான் கட்டினவன். அப்ப ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. சீட்டு வீட்டுக்கு. வீட்டிலை ஆரை அனுப்புறது எண்டது வீட்டுக்காரன்ரை விருப்பம். தாய்மாமன்காரனும் போறான்தானே. வேறை என்ன குறை?"

எல்லாரும் சம்மாட்டியாரைப் பார்த்தார்கள். அவர் கையில் அந்தச் சீட்டு. திருப்பிப் போட்டால் அவருடைய பெயருக்கு இன்னொரு வாய்ப்பு. அவர் அதை இன்னொருமுறை வாசித்தார். பிறகு சீட்டை மடித்து அப்புவிடம் கொடுத்தார்.

"விழுந்தது விழுந்ததுதான். ஆனா எனக்கு உது துண்டறப் பிடிக்கேல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, அங்கை ஒரு குறை வந்தால், இனி இந்த வாடியிலை பொம்பிளையள்ரை கதை எடுபடாது. யோசிச்சுப் போ."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் நெஞ்சில் இருந்ததால் கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு குறையும் வராமல் இந்தப் பயணத்தை நடத்திக் காட்டுவேன் என்று அன்றே முடிவெடுத்தேன்.

அடுத்த மூன்று வாரமும் நான்தான் அந்தப் பயணத்தின் மந்திரி. கொழும்புக்காரருக்குக் கடிதம் எழுதினேன். தங்குவதற்குக் கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டை ஒழுங்கு செய்தேன், எனக்கு அவர் மனைவியோடு இடம். போட்டிக்கு முதல் நாள் காலை ரயிலில் புறப்படுவது, மறுநாள் பின்னேரம் ஆட்டம், அதற்கு அடுத்த நாள் திரும்புவது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு நீண்ட பட்டியல் எழுதினேன். தண்ணீர்ப் போத்தல் இரண்டு. அவித்த மரவள்ளிக்கிழங்கு, கட்டுச்சம்பல். குடை மூன்று. ரயிலில் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று கட்டளை போட்டேன். ஊரெல்லாம் காற்சட்டை இரவல் வாங்கினார்கள். ஒருவருக்கு இடுப்பு கொள்ளவில்லை, வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கருவாடு கொண்டுவரக்கூடாது, பெட்டி முழுக்க மணக்கும் என்று இரண்டு தரம் சொன்னேன். மாமா தலையாட்டினார். ஆட்டிய விதத்திலேயே கொண்டுவரப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகத் தெரியாது.

டிக்கெட்டுகள் தபாலில் வந்தன. ஒரு தடித்த கடித உறையில் பத்தும். அதை நான் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுத்தேன். பட்டியலில் அதை எழுதவில்லை. குடையை மறக்கலாம், டிக்கெட்டை யார் மறப்பார்கள்?

புறப்படும் அன்று விடிய எல்லாரும் முதலில் கோயிலுக்குப் போனோம். எங்கள் ஊரில் புது வலை என்றாலும் புது வள்ளம் என்றாலும் பங்குக் குருவான சுவாமி மந்திரித்த பிறகுதான் கடலில் இறங்கும். வலையின் ஒரு நுனியைக் கொண்டுவந்து புனிதரின் காலடியில் வைப்போம், சுவாமி தீர்த்தம் தெளிப்பார். "பிள்ளை, ரிக்கற்றையும் வைப்பம்" என்றார் மாமா. எனக்கும் அது சரியாகவே பட்டது. உறையை நான்தான் என் கையால் புனிதரின் காலடியில், பூக்களுக்கு நடுவில் வைத்தேன். சுவாமி சிரித்துக்கொண்டே தீர்த்தம் தெளித்தார். முழந்தாளில் இருந்து செபித்தோம். நான் நாட்டு அணி வெல்ல வேண்டும் என்று செபித்தேன். வெளியே வாடகைக் கார்கள் இரண்டும் ஹோன் அடித்தன. ரயில் போய்விடும் என்று ஒருவர் கத்தினார். எழும்பி விழுந்தடித்து ஓடினோம்.

ஆனையிறவு தாண்டியது. கிளிநொச்சி, வவுனியா எல்லாம் தாண்டியது. மரவள்ளிக்கிழங்கு பாதி முடிந்தது. பெட்டியில் கருவாடு மணத்தது. மாமா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். மதவாச்சிக்குக் கிட்ட வரும்போது, எதிரே இருந்த ஒருவரிடம் நாங்கள் எங்கே போகிறோம் என்று மாமா பெருமையாகச் சொன்னார். அவர் நம்பாததுபோல் பார்த்தார்.

"பிள்ளை, உந்த ரிக்கற்றை ஒருக்கா இவருக்குக் காட்டு."

"கோயிலிலை நீங்கள்தானே மாமா கடைசியா எழும்பினது. உங்களிட்டைத்தானே இருக்கு?"

"என்னட்டையோ? வைச்சது நீயல்லோ?"

பையைக் கொட்டினோம். சாப்பாட்டுக் கூடையைக் கொட்டினோம். போத்தல் இருந்தது, குடை மூன்றும் இருந்தன, பட்டியலும் இருந்தது. பத்து டிக்கெட்டும் புனிதரின் காலடியில் இருந்தன. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். எல்லாரும் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள், ஒருவர் மட்டும் மெதுவாக, "சம்மாட்டியார் சொன்னவர்தானே" என்றார். சம்மாட்டியார் சொன்ன குறை வந்துவிட்டது. அதை என் கையாலேயே பூக்களுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்று வாரமாக மந்திரியாக இருந்தவளுக்கு அழுகை வந்தது.

ரயில் மதவாச்சியில் நின்றது. நான் யோசிக்கவில்லை, இறங்கி ஓடினேன். மாமா "பிள்ளை, கோச்சி வெளிக்கிடப் போகுது!" என்று கத்தியது காதில் விழுந்தது. ஸ்டேசன் மாஸ்டர் ஒரு சிங்களவர், நரைத்த மீசை, கையில் பச்சைக் கொடி. கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலம் அன்றைக்கு என் வாயில் துண்டு துண்டாகத்தான் வந்தது. பத்து டிக்கெட், உதைபந்தாட்டம், யாழ்ப்பாணம், கோயில், புனிதரின் கால் என்று ஒழுங்கில்லாமல் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். கோயில் எங்கே, உறை எப்படி இருக்கும் என்று இரண்டு கேள்விதான் கேட்டார். பிறகு, ரயில்வேத் தொலைபேசியில் யாழ்ப்பாண ஸ்டேசனுக்குச் சொல்லுகிறேன், இரவு மெயில் ரயிலில் யாராவது கொடுத்துவிட்டால் நாளைக் காலை கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் வாங்கலாம், நீ போய் ஏறு என்றார். அவர் கொடியைக் காட்டாமல் வைத்திருந்தது எனக்காகத்தான் என்று ஏறிய பிறகுதான் விளங்கியது.

அவர் சொன்னபடி செய்தாரா, செய்தாலும் அந்தப் பக்கத்தில் யார் எடுத்தார்கள், எதுவும் எங்களுக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனை வீட்டில் நல்ல சாப்பாடு போட்டார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மாமாவும் நானும் கோட்டை ஸ்டேசனில் நின்றோம். மெயில் வந்தது. நான் கார்ட் பெட்டியை நோக்கி ஓடினேன். கார்ட் கையை விரித்தார். அவரிடம் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

அங்கேயே ஒரு வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். சனம் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனது. கடைசிப் பெட்டியிலிருந்து கடைசி ஆளாக ஒருவர் வந்தார். சாரம், தோளில் சால்வை, காலில் செருப்பில்லை. ஒரு கையை நெஞ்சிலே வைத்து அழுத்திக்கொண்டு வந்தார்.

சம்மாட்டியார்.

சால்வைக்குள்ளிருந்து உறையை எடுத்து என் கையில் வைத்தார். பூ இதழ் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. "எண்ணிப்பார், பத்தும் இருக்கோ எண்டு. கார்ட்டிட்டைக் குடுத்துவிடச் சொன்னாங்கள். உதை ஆரை நம்பிக் குடுக்கிறது? அதுதான் நானே வெளிக்கிட்டிட்டன்."

நடந்ததை அவர் பிறகு சொன்னார். ஸ்டேசனிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து செய்தி சொல்லியிருக்கிறார். கோயிலைப் பார்த்துக்கொள்பவர் காலையிலேயே அந்த உறையைக் கண்டிருக்கிறார். ஆனால் யாரோ புனிதருக்கு எழுதி வைத்த விண்ணப்பம் என்று நினைத்துத் தொடாமல் விட்டுவிட்டாராம். சம்மாட்டியார் கரையில் நின்ற கோலத்திலேயே, உடுத்த சாரத்தோடு, கோயிலில் உறையை எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடியிருக்கிறார். மெயிலில் இருக்க இடமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புவரை நின்றுகொண்டே வந்திருக்கிறார். பத்து டிக்கெட் அவர் கையில் முழு இரவும் இருந்தது. அவருக்கென்று அதில் ஒன்றுகூட இல்லை.

"சம்மாட்டியார், பிழை என்ரை. என்ரை ரிக்கற்றிலை நீங்கள் போங்கோ" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். மாமாவும் தன்னுடையதை நீட்டினார்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? என்ரை கையாலை எடுத்த சீட்டு. விழுந்ததை நானே மாத்தினால் நாளைக்கு எந்த முகத்தோடை முட்டியைக் குலுக்கிறது? போங்கோ. நான் வெளியிலை நிக்கிறன்."

பின்னேரம் மைதானத்தின் வாசல்வரை எங்களோடு வந்தார். அங்கே டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. உள்ளே போனோம். எங்களுக்குக் கிடைத்தது பலகை அடித்த கலரி. அதிலும் கடைசி வரிசை, உச்சியில். உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்தேன். முழு மைதானம்! இந்தக் கோலும் தெரிந்தது, அந்தக் கோலும் தெரிந்தது. வேலிப் பொட்டால் பார்த்த கண்ணுக்கு அது தாங்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். சுற்றிவர எத்தனையோ ஆயிரம் ஆண்கள், என் கண்ணுக்கு எட்டியவரை பெண் என்று நான் ஒருத்திதான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வெளிநாட்டு அணி ஒரு கோல் போட்டது. சனம் சோர்ந்துபோய் ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வேலிப் பொட்டு ஞாபகம் வந்தது. திரும்பிப் பின்பக்கமாகக் கீழே எட்டிப் பார்த்தேன். மதிலுக்கு வெளியே தெருவில், ஒரு மரத்தடியில் சம்மாட்டியார் நின்றார். தலையை நிமிர்த்தி, ஒரு காதை எங்கள் பக்கம் திருப்பிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோலா, தவறியதா, யார் போட்டது என்று ஊகித்துக்கொண்டிருந்தார். நான் இத்தனை வருடமாக எப்படி நின்றேனோ, அச்சாக அப்படி.

எழும்பி நின்றேன். தவக்காலத்தில் கோயிலில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வாங்குவரை கேட்கப் பாடும் குரல் என்னுடையது. அதை அன்றைக்கு முழுதாகத் திறந்தேன்.

"சம்மாட்டியார்! அவங்கள் ஒண்டு போட்டிட்டாங்கள்! பயப்பிடாதேங்கோ, எங்கடை பெடியள் இப்ப வாறாங்கள்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் திகைத்தார். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து, "எந்தப் பக்கத்தாலை?" என்று கத்தினார்.

வலது இடது என்று சொன்னால் வெளியே நிற்பவருக்கு என்ன விளங்கும்? நாங்கள் கடற்காரர். காற்றை வைத்துச் சொன்னேன். "சோளகப் பக்கத்தாலை! ஏழாம் நம்பர் கொண்டுவாறான். ஒருத்தனை வெட்டிட்டான். வாடைப் பக்கம் தட்டி விட்டிட்டான்!" தெற்குக் காற்று சோளகம், வடக்குக் காற்று வாடை. சொல்லச் சொல்ல அவர் கை அந்தந்தப் பக்கம் தானாகப் போனது. முழு மைதானமும் அவர் தலைக்குள் விரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பக்கத்து வரிசைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். ஒருவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மாமா எழுந்து, நான் பலகையிலிருந்து விழுந்துவிடாதபடி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். டிக்கெட் கிடைக்காமல் தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சம்மாட்டியாரிடம் வந்து சேர்ந்தார்கள். இடைவேளை முடிந்து பார்த்தால் அந்த மரத்தடியில் ஒரு நூறு பேர். நான் தமிழில் சொல்ல, கீழே நின்ற ஒருவர் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். ஒரு கடலை வண்டிக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வண்டிமேல் ஏறி நின்று கேட்டார். முன்பு சிரித்த ஆள் தன் சோடாப் போத்தலை என்னிடம் நீட்டினார். அன்றைக்கு ஒரு வரிகூடப் புளுகவில்லை. புளுகத் தேவையே இருக்கவில்லை.

எங்கள் அணி சமன் செய்தது. மேலே ஒரு ஆரவாரம் எழும்ப, நான் சொல்லி முடிக்கக் கீழே இன்னொரு ஆரவாரம் எழும்பியது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தது. ஏழாம் நம்பர்க்காரன் சோளகப் பக்கத்தால் பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான். நான் சொல்லிக்கொண்டே போனேன். அடித்தான். வலை ஆடியது. நான் திரும்பி வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. குரல் அடியோடு போய்விட்டது. இரண்டு விரலை உயர்த்திக் காட்டினேன்.

தெருவில் நின்ற அத்தனை பேரும் துள்ளினார்கள். சம்மாட்டியார் தன் சால்வையைக் கழற்றி வானத்தை நோக்கி வீசினார். அது மரக்கிளையில் போய் மாட்டிக்கொண்டது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நான் மேலே நின்று அழுதேன். இந்த முறை சந்தோஷத்தில்.

மறுநாள் ரயிலில் திரும்பினோம். மதவாச்சியில் அதே ஸ்டேசன் மாஸ்டர் நின்றார். என்னைக் கண்டதும் கையால் கேட்டார், என்ன ஆயிற்று என்று. பேசக் குரல் இல்லை. ஒரு கையில் இரண்டு விரலும் மறு கையில் ஒரு விரலும் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலைக்குமேல் ஆட்டினார். மாமா யன்னலால் எட்டி, மீதமிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தார். நான் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்ன அதே கருவாடு. அவர் பெயரைக் கேட்க எனக்குக் குரல் இருக்கவில்லை, அது இன்றைக்கும் குறைதான்.

ஊரில் வாடி நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். போன ஒன்பது ஆண்களும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். சம்மாட்டியார் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் வாயைப் பொத்துங்கோ. பிள்ளைக்குத் தொண்டை சரிவரட்டும், அவள் சொல்லுவாள். நான் பந்தடி பார்க்கேல்லை, கேட்டனான். நான் கேட்டதுதான் உண்மையான பந்தடி."

அடுத்த பருவத்துக்குக் கடலில் இடம் பிரிக்கும் நாள் வந்தது. வழக்கம்போலப் புது முட்டி, வழக்கம்போலச் சம்மாட்டியார். நானும் அப்புவோடு போயிருந்தேன், இந்த முறை அவருக்குப் பின்னால் அல்ல, பக்கத்தில். ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு சீட்டை விரித்துச் சற்று நிறுத்தி, என் பெயரை வாசித்தார். எங்கள் வீட்டுச் சீட்டில் அவர் எழுதியிருந்தது அப்புவின் பெயரை அல்ல, என் பெயரை. நான் அப்புவைப் பார்த்தேன். அவர் வலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாடியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு விழுந்தது பரவைக்கடலிலேயே ஆகக் கெட்ட இடம். சேற்றைத் தவிர ஒன்றும் ஏறாது. சம்மாட்டியார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

அந்தப் பருவம் முழுக்க மாமா வலையில் சேற்றைத்தான் அள்ளினார். ஆனால், மற்ற எல்லாரையும்போல எனக்கும் ஒரு கெட்ட இடம் விழ, அதை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்காமல் விட்ட அந்த நாளைத்தான் என் வாழ்க்கையில் நான் வென்ற நாளாக இன்றைக்கும் நினைக்கிறேன்.